ஏலமேடையும் கணக்கேடும்

பிள்ளைக்குப் பொறுப்பு வரவேண்டுமானால் அதன் கையில் ஓர் உயிரை ஒப்படைக்க வேண்டும் என்பது உழவர் வீடுகளின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பாடத்திட்டமாகவே வகுத்து நூறாண்டுக்கு மேல் நடத்திவரும் நாடு அமெரிக்கா. 1902-இல் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் (மாவட்டத்தில்) ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 'ஃபோர் எச்' (4-H) என்ற சிறுவர் இயக்கத்தின் தொடக்கமாக இன்று கருதப்படுவது அதுதான். 1914-இல் வந்த ஸ்மித்–லீவர் சட்டம் இத்தகைய சங்கங்களை வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியோடு இணைத்தது. அந்த இயக்கத்தின் கால்நடைத் திட்டத்தை எடைபோட்டுப் பார்ப்பது ஆடும் கோழியும் வளர்க்கும் நமக்கும் பயன்படும்.

திட்டம் நடக்கும் விதம் எளியது. பிள்ளை எட்டு வாரப் பன்றிக்குட்டி ஒன்றை வாங்குகிறது. அப்போது அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ. நான்கு மாதங்களில் 120 கிலோவை எட்டவேண்டும். ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ மூன்று கிலோ தீவனம் வேண்டும் என்பதால் 300 கிலோ தீவனம் பிள்ளையின் கைவழியே போகிறது. குட்டியின் விலை, தீவனச் செலவு, மருந்து, எடை எல்லாவற்றையும் ஒரு கணக்கேட்டில் பதிய வேண்டும். கோடையில் கவுண்டிக் கண்காட்சி வரும். நடுவர் முன் விலங்கை நடத்திக் காட்டிய பிறகு ஏலம். ஏலத்தில் போன விலங்கு பெரும்பாலும் இறைச்சிக்குப் போகும்.

இதன் பெரிய வலிமை, அறிவுரைக்கு இங்கே வேலையே இல்லை என்பது. தொட்டியில் தண்ணீர் வற்றினால் பன்றி தீனியைக் குறைக்கும். அடுத்த முறை எடை பார்க்கும்போது அது தெரிந்துவிடும். மருந்து கொடுத்தால் அது உடலை விட்டு நீங்கும் நாள்வரை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது என்ற விதியைப் படிக்கும் பிள்ளை, முகம் தெரியாத ஒருவரின் உணவுக்கும் தான் பொறுப்பு என்று உணர்கிறது. ஒரு கிலோ எடையை உண்டாக்க எவ்வளவு செலவானது என்று பெரியவர்களே கணக்குப் பார்க்காத வீடுகள் பல. இங்கே பத்து வயதுப் பிள்ளை பார்க்கிறது. திட்டத்தின் உயிர் அந்தக் கணக்கேட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கை ஏலமேடை குலைத்துவிடுகிறது. ஏலம் கேட்பவர்கள் உள்ளூர் வங்கி, தீவனக் கடை, கார் விற்பவர் போன்றோர். பிள்ளையின் படிப்புக்கு உதவட்டும் என்று சந்தை விலைக்கு மேல் கொடுக்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் நன்கொடை 'லாபம்' என்ற பெயரில் ஏட்டில் ஏறுகிறது. ஹூஸ்டன் கண்காட்சியில் 2022-இல் முதல் பரிசுக் காளை 10 இலட்சம் டாலருக்குப் போனது. அங்கே பிள்ளைக்கு வரம்பிட்ட தொகைதான் சேரும், மிச்சம் கல்வி உதவிக்குப் போகும் என்றாலும், அந்த விலைக்கும் மாட்டு வளர்ப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்தின் விலங்கு நல்ல விலைக்குப் போகிறது. அறிமுகம் இல்லாத தொழிலாளியின் பிள்ளை அதே உழைப்புக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு திரும்புகிறது. கொட்டகைக்கும் வண்டிக்கும் பெற்றோர் போட்ட பணம் ஏட்டில் ஏறாமல் போனால், நட்டமும் லாபமாகத் தெரியும்.

இரண்டாவது குறை, முடிவு பற்றியது. 2022-இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா கண்காட்சியில் ஒன்பது வயதுச் சிறுமி தான் வளர்த்த ஆட்டைக் கொல்லவிடாமல் மீட்க விரும்பினாள். ஏல விலை 902 டாலர். அதில் கண்காட்சிக்குச் சேரவேண்டியது 63 டாலர் சொச்சம். பணத்தை ஈடுகட்டத் தாய் முன்வந்தும் கண்காட்சியினர் இணங்கவில்லை. வேறிடத்தில் இருந்த ஆட்டைக் காவலர்கள் பல நூறு மைல் பயணம் செய்து கைப்பற்றினார்கள், ஆடு கொல்லப்பட்டது. காவலர் தரப்பின் மீதான வழக்கு 2024-இல் 3 இலட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. ஒப்பந்தத்தை மதிக்கக் கற்பிக்கிறோம் என்பது கண்காட்சியின் வாதம். ஒன்பது வயதில் போட்ட ஒப்பந்தத்துக்கு எவ்வளவு கனம் கொடுக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவே இல்லை. அன்பாக வளர்க்கச் சொன்னவர்களே அந்த அன்பைக் குற்றமாக நடத்தியது கொடுமை.

நம் ஊர்களில் நிலைமை நேர்மாறு. "இந்தக் குட்டி உன்னுது, நீயே பாத்துக்க" என்று பிள்ளையிடம் விடுகிறோம். பள்ளி விட்டு வந்து தழை ஒடிப்பதும் கழனித்தண்ணி காட்டுவதும் அதன் வேலை. ஆடு சினையாகி ஐந்து மாதத்தில் ஈனும். இரட்டைக் குட்டி என்றால் சொத்து பெருகும் விதம் கண்ணெதிரே தெரியும். எட்டயபுரம் போன்ற ஆட்டுச் சந்தையில் பிள்ளை முகத்துக்காக யாரும் விலையை ஏற்ற மாட்டார்கள். கிடைப்பது உண்மை விலை. ஆனால் கணக்கேடு கிடையாது. விற்ற பணமும் அடகு நகைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடும். இல்லாத வீட்டின் நெருக்கடி அது. பெற்றோரைப் பழிக்க முடியாது. இருந்தாலும், பெரியவர்கள் நினைத்தால் தன் உரிமை போய்விடும் என்றே பிள்ளை புரிந்துகொள்கிறது. மேய்ச்சலுக்காகப் பள்ளியை நிறுத்தினாலோ அது கல்வியே அல்ல, குழந்தை உழைப்பு.

ஆகவே என் முடிவு இது: பொறுப்பை விலங்கே கற்பித்துவிடும், பணத்தைக் கற்பிப்பது பெரியவர்களின் நேர்மை. அமெரிக்க ஏட்டில் சந்தை விலைக்கு ஒரு பத்தி, நன்கொடைக்குத் தனிப் பத்தி வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முட்டைக்கோழியும் பால் ஆடும் போதும். இறைச்சி விலங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதுவும் முடிவை முதல் நாளே சொல்லி, செலவை ஈடுகட்டி விலகும் வழியும் வைத்து. நம் வீடுகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் போதும். 10 வயது நிறைந்த பிள்ளை அந்தக் கணக்கைத் தானே இயக்கலாம். விற்ற பணத்தில் பாதியை வீடு எடுத்துக்கொள்ள நேர்ந்தாலும், "உன்னிடம் கடனாக வாங்குகிறோம்" என்று சொல்லி அதையும் அந்த நோட்டில் எழுதவேண்டும்.