பாரம் ரெண்டு கிடைச்சிருமா?

சதுரகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரம். வத்திராயிருப்பில் ஒரு மைதானத்தில் பதினைந்து, பதினாறு பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். டவுசருக்குள் கறுப்பு லெக்கின்ஸ். கோல் போஸ்ட்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் புத்தகப் பைகள். வேலியோரம் நின்ற ஓர் அம்மா பி.டி. வாத்தியாரிடம் கேட்டார்: “சார், இவளுக்குப் பாரம் ரெண்டு கிடைச்சிரும்ல?” ரேஷன் கார்டு விவகாரமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு வழங்கும் சான்றிதழ்தான் அந்தப் ‘பாரம் ரெண்டு’, அதாவது படிவம் 2. அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. கால்பந்து விதிகளில் ஒன்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. இது மட்டும் தெரிந்திருந்தது. நம் ஊரில் பெண் பிள்ளை பந்தை உதைக்க வீட்டில் சம்மதம் கிடைப்பதே இந்தத் தாளை நம்பித்தான். முதலில் விளையாட்டு விடுதி, அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, கடைசியில் ஓர் அரசு வேலை. தமிழகப் பெண்கள் கால்பந்து நடப்பது இந்தப் பாதையில்தான். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குக் குறைகள் நிறைய உண்டு. ஆனாலும் அது சாதித்ததை முதலில் சொல்லாமல் போவது நியாயமில்லை.

கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீராங்கனை. தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார். அதே கடலூர் மாவட்டத்தின் சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் வளர்ந்து இந்திய அணிக்குப் போனவர். இப்படி வந்தவர்களைக் கொண்டுதான் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழகம் முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கோப்பையைத் தூக்கியது. நம் ஆண்கள் அணியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இந்த அணிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பெண்கள் கால்பந்து கிடுகிடுவென வளர்ந்தது. ஆனால் கிளப் கட்டணம் கட்ட முடிந்த நடுத்தர வர்க்கத்தின் கைக்கு அது போய்ச்சேர்ந்தது. அது பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஆட்டமாகிவிட்டது, இன்றைக்குச் சின்னப் பிள்ளையாக இருந்தால் தன் வீட்டாரால் செலவு செய்திருக்கவே முடியாது என்று 2018-இல் புலம்பியவர், அந்த நாட்டின் உலகக்கோப்பை கோல்கீப்பர் ஹோப் சோலோ. நம் அரசு விடுதி அந்தக் கதவை ஏழைகளுக்குத் திறந்து வைத்திருக்கிறது. இது பெரிய விஷயம்.

சரி, மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண் இங்கே ஏன் ஆட வருவதில்லை? அவளுக்கு வேறு பாதை இருக்கிறது. பத்தாவது வந்ததும் பந்து பரணுக்குப் போகும், நீட் கோச்சிங் கீழே இறங்கும். போதாக்குறைக்கு வெயிலில் கறுத்துவிடுவாள், முட்டியில் தழும்பு விழும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் இதே கவலைகள் உண்டு, ஒன்றுகூடக் குறைவில்லை. ஆனால் அங்கே எதிர்த்தட்டில் ஓர் அரசு வேலை இருக்கிறது. தராசு அந்தப் பக்கம் சாய்கிறது. பெண் பிள்ளைக்கு டவுசர் ஆகாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. போலீஸ் வேலைக்காக என்றால் விலக்கு, அவ்வளவுதான். மைதானம் எந்தத் தெருவை ஒட்டியிருக்கிறது, எந்தத் தெருப் பிள்ளை எந்த வழியாக டவுசரோடு நடந்து வரலாம் என்பதில் சாதிக் கணக்கும் உண்டு. வர்க்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதியைத்தான் சொன்னதாகும்.

(டவுசர் விவகாரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2004-இல் ஃபிஃபா தலைவராக இருந்த செப் பிளாட்டர், பெண்கள் இன்னும் இறுக்கமான டவுசர் போட்டால் ஆட்டம் பிரபலமாகும் என்று யோசனை சொன்னார். ஓரிடத்தில் மூடச் சொல்கிறார்கள், ஓரிடத்தில் காட்டச் சொல்கிறார்கள். பந்தைப் பற்றி யாரும் பேசுவதாகக் காணோம்.)

விலக்கு வாங்கி ஆடுவதில் உள்ள சிக்கல், அது ஆட்டத்தையே மாற்றிவிடுவது. தேர்வுப் போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் “நல்லா ஆடுனியா?” என்று வீட்டில் கேட்பதில்லை. “லிஸ்ட்ல பேரு இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சான்றிதழ் சான்றிதழ்தான். குற்றம் அவர்கள் மேல் இல்லை. கேள்வியை அப்படி அமைத்தது அரசாங்கம். மாநில அணியில் இடம் ஏறத்தாழ இருபது பேருக்கு. குறுவட்டம், மாவட்டம், மண்டலம் என்று ஏறி அங்கே போய்ச் சேராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்த ஏற்பாடு என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. அடிபட்டவர்களுக்கும் அதே கதைதான். முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்த சங்கதி. பதினேழு வயதில் அது கிழிந்தால் தாளும் கிடையாது, காலும் கிடையாது.

பெரிய லீக் வந்தால் நிலைமை மாறும் என்பார்கள். இந்தியப் பெண்கள் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தரவேண்டும் என்று 2023-இல் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு முடிவெடுத்தது. மாதக் கணக்கில் சுமார் 26,700 ரூபாய். தமிழகத்தில் இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்குகிறது. படிகள் தனி, வேலை ஆயுளுக்கு. ஓராண்டு ஒப்பந்தத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் அந்த அம்மா எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். நானும் அதையேதான் சொல்வேன்.

பெண் பிள்ளையின் உழைப்பை வைத்துக் கணக்குப் போடுவது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. பக்கத்து ராஜபாளையம் வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பேர்போனது. தென் மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருடம் மில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கு என்று ஒரு தொகை கொடுத்தனுப்பிய கதை ஊரறிந்தது. தொழிற்சாலைப் பெண்களுக்கு வேறொரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரில் ‘டிக், கெர்’ தொழிற்சாலையின் பெண்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் கூடினார்கள். மறு வருடமே அங்குள்ள கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தன் உறுப்பு கிளப்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தடை ஏறக்குறைய 50 வருடம் நீடித்தது. அந்தப் பெண்கள் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. கூலிக்காரப் பெண்கள் சும்மா, ஆசைக்கு ஆடினார்கள். அந்தச் ‘சும்மா’தான் நம் ஏற்பாட்டில் இல்லாதது. மில் விடுதியும் விளையாட்டு விடுதியும் ஒன்றல்ல, எவ்வளவோ வித்தியாசம். ஆனால் இரண்டிலும் பெண்ணின் உடம்பு குடும்பத்துக்காக எதையோ சம்பாதிக்கவேண்டும்.

ஆசைக்கு ஆடுவது ஊர் கண்ணில் படவும் வேண்டுமே. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது மதுரையின் சேது எஃப்.சி. அதே பெயர் கொண்ட பொறியியல் கல்லூரி நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி அருகில்தான் இருக்கிறது. அதே வருடம் தீபாவளிக்குப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய ‘பிகில்’ படம் வந்தது. வத்திராயிருப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் படத்தின் அணியைச் சொல்கிறது, சேதுவைத் தெரியவில்லை. படம் பெண்கள் கால்பந்தை வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது உண்மை. குண்டான பெண்ணைக் கேலி செய்து உசுப்பேற்றும் காட்சியும், பயிற்சியாளர் ஆண் வந்து எழுப்பினால்தான் பெண் எழுவாள் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தன. சேது பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் அம்ருதா அரவிந்த் என்ற பெண்.

மறுவாரம் போனபோது அந்த அம்மாவின் மகள் புது ஸ்டட் ஷூ போட்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கியது, ஒரு சைஸ் பெரியது. “வளர்ற புள்ள, ரெண்டு வருசத்துக்கு ஆகும்ல” என்றார் அம்மா. நுனியில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். பந்து அவள் காலுக்கு வரும்போதெல்லாம் அரை அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.