மாதவியின் ஏழு ஆண்டுகள்: அரங்கேற்று காதையை இன்னொரு முறை வாசிக்க

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான் போய்ச் சேர்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஆறு பேர். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். எழினி மூன்று. பரிசு 1008 கழஞ்சு பொன். மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். கடைசியில் 'மாதவி பிறவியிலேயே சிறந்த ஆடல் கலைஞர்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் விடை முடிந்தது.

அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. ஊர்வசி வழிவந்த குலம் என்ற கதையைக் காதை முதலில் சொல்வது உண்மைதான். ஆனால் உடனே கணக்கும் வந்துவிடுகிறது: ஐந்து வயதில் தொடக்கம், ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். ஊர்வசி பரம்பரையில் பிறந்தாலும் ஏழு வருஷம் காலைத் தட்டித்தான் ஆகணும்!

இப்போது ஆடலாசிரியன் பகுதிக்குப் போங்கள். அவருக்குப் பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை எல்லாம் தெரிய வேண்டும். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று விரித்துச் சொல்கிறார். இதுவரை மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அதற்கு அடுத்தது விட்டுப்போகிறது. ஒரு வகை ஆடலுக்குரிய கை இன்னொன்றில் புகக்கூடாது. குரவைக்குரியதும் வரிக்குரியதும் கலக்கக்கூடாது. ஆசிரியர் இதைக் காத்துத் தர வேண்டும் என்கிறார் இளங்கோ. அசைவைக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை, பழகிய அசைவு வேண்டாத இடத்தில் தானாக வந்துவிடாமல் தடுப்பது இன்னொரு வேலை. பூப்பந்து விளையாடிப் பழகிய பிள்ளை டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்ததும் மணிக்கட்டைச் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சிக்கல்தான் இது.

இன்னும் நுட்பமானது தண்ணுமை ஆசிரியன் பகுதி. மற்றக் கருவிகள் குறைகிற இடத்தில் அவர் நிரப்ப வேண்டும், மிகுகிற இடத்தில் அடக்க வேண்டும். அதுவும் கேட்பவருக்கு உறுத்தாமல். நம்ம பாஷையில் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக் கேட்டுச் சரிசெய்துகொண்டே போவது. அரங்கேற்றத்தன்று குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, தண்ணுமைக்குப் பின் முழவு என்று வரிசை வருகிறதே, அது வெறும் வாத்தியப் பட்டியல் இல்லை. மாதவியின் கால் எதைக் கேட்டு நகர்கிறது என்பதற்கான விளக்கம்.

1920களில் மாஸ்கோவில் நிக்கலாய் பெர்ன்ஷ்டைன் என்ற ஆய்வாளர், உளிமீது சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து அளந்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் அடிக்கு அடி ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் சற்றே வேறு வேறு பாதையில் போயின. ஒரே அசைவை அச்சாகப் பதிவுசெய்து திரும்ப ஓட்டுவது திறன் அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்வு காண்பதுதான் திறன் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தண்ணுமைக்காரர் செய்வதும் அதுதானே?

ஆனால் காதையை முழுக்கப் புகழ முடியவில்லை. அரங்குக்கு மூங்கில் எங்கிருந்து வெட்டுவது, கோலுக்கு எத்தனை விரல் என்றெல்லாம் நின்று நிதானமாகச் சொல்லும் இளங்கோ, அந்த ஏழு வருஷத்தை ஓர் அடிக்குள் கடந்துவிடுகிறார். தப்பாக வைத்த அடி இல்லை, வலித்த முழங்கால் இல்லை, திரும்பச் செய்யச் சொன்ன குரல் இல்லை. கடைசியில் நாட்டிய நூலைப் பிசகாமல் பின்பற்றி ஆடினாள் என்கிறார். நூலிலிருந்து உடலுக்கு அது எப்படி வந்தது? ஐந்து வயதுக் குழந்தை இதைக் கேட்டு வாங்கிக்கொண்டதா என்ற கேள்வியும் அங்கே இல்லை. பரிசான மாலை கூனி கையில் விலைக்கு நிற்கும்போதுதான் அந்தப் பயிற்சி யாருக்காக நடந்தது என்று நமக்கு உறைக்கிறது. அந்த இடத்தில் கவிதை மறுபடி கூர்மையாகிவிடுகிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆறு ஆசிரியர்களின் தகுதிகளை ஆறு பத்தியாக எழுதாதீங்க. அவர்களில் யார் எதைக் கட்டுப்படுத்துகிறார் என்று கேட்டு எழுதுங்க. அகலம் 7 கோல் என்பதையும் தனியாக விடாமல், ஆடுகிறவள் தன் எல்லையைக் காலால் அறிந்திருக்க வேண்டிய இடம் அது என்று சேர்த்துப் பாருங்க. 'பிறவித் திறமை' என்று எழுதத் தோன்றினால், ஏழாண்டைப் பற்றிய அடியை ஆதாரமாக வைத்து அதை நீங்களே மறுக்க முடியும்.

ஆசிரியர்களுக்கு: நடனம் பயிலும் பிள்ளை வகுப்பில் ஒருவராவது இருப்பார். இங்கே சிஃபாஸ் 1949லிருந்தும் பாஸ்கர் கலைக்கழகம் 1952லிருந்தும் சொல்லிக்கொடுத்து வருகின்றன, பள்ளிகளிலும் இந்திய நடனம் இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது. அந்தப் பிள்ளையைத் தட்டடவு ஒன்றை மூன்று காலத்திலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் மேசையில் தட்டிக்கொண்டு கூடவே வரட்டும். முதல் காலத்தில் எல்லாரும் எண்ணிக்கொண்டே வந்துவிடுவார்கள். மூன்றாம் காலத்தில் எண்ணுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், அந்தப் பிள்ளையின் கால் மட்டும் போய்க்கொண்டிருக்கும். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'தெரியல டீச்சர், காலே போகுது' என்றுதான் பதில் வரும். அதற்குப் பிறகு பாடநூலைத் திறங்கள்.