பாதியில் நின்ற ‘புதையல்’

2001 டிசம்பரில் ‘வால்ட் டிஸ்னி ட்ரெஷர்ஸ்’ என்ற டிவிடி வரிசை தொடங்கியபோது, அது குழந்தைகளுக்கான சரக்கு அல்ல என்பது பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்தது. வெள்ளி நிறத் தகரப் பெட்டி, அதற்கென்று ஒரு வரிசை எண், உள்ளே இரண்டு தட்டுகளோடு ஒரு சான்றிதழ். 2009 நவம்பரில், 1950களின் ‘ஸோரோ’ தொலைக்காட்சித் தொடர் இந்த வரிசையில் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூட வரவில்லை.

இந்த வரிசையின் அருமை தகரத்தில் இல்லை, தொகுத்த விதத்தில் இருந்தது. திரைப்பட வரலாற்றாசிரியர் லெனார்ட் மால்டின் ஒவ்வொரு பெட்டியிலும் முன்னுரை பேசினார். போர்க்காலப் படங்களுக்கென்றே 2004இல் வந்த ‘ஆன் தி ஃப்ரன்ட் லைன்ஸ்’ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் டக் நாஜித் தொழிற்சாலையில் வேலை செய்வதாகக் கனவு காணும் ‘டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்’ அதில் இருக்கிறது. ஆஸ்கார் பெற்ற படம். இனக் கேலி உள்ள கார்ட்டூன்களை இந்த வரிசை வெட்டி எறியவும் இல்லை, மற்றவற்றோடு கலந்து மறைக்கவும் இல்லை. தனிப் பகுதியில் வைத்து, அது எந்தக் காலத்தின் மனப்பான்மை என்பதை மால்டின் முதலில் சொன்ன பிறகே படம் ஓடும். பழைய படத்தை இன்றைய பார்வையாளரிடம் சேர்க்க இதைவிட நேர்மையான வழியை நான் பார்த்ததில்லை.

வரிசை நின்றதால் வந்த இழப்பு எவ்வளவு என்பதை ஆஸ்வால்ட் என்ற முயல் காட்டிவிடும். மிக்கி மவுஸுக்கு முன்னால் 1927, 28இல் டிஸ்னி உருவாக்கிய பாத்திரம் அது. உரிமை யூனிவர்சலிடம் இருந்ததால் கைவிட்டுப் போய், ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து 2006இல்தான் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது. விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸை என்பிசிக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக முயல் வந்து சேர்ந்தது! டிஸ்னி எடுத்த 26 ஆஸ்வால்ட் படங்களில் கைக்குக் கிடைத்த 13ஐ, 2007 டிசம்பர் பெட்டியில் சேர்த்தார்கள். அதற்குப் பின்னால்தான் தொலைந்தவை ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கின. 2011இல் ‘ஹங்ரி ஹோபோஸ்’ இங்கிலாந்தில் ஒரு படக் காப்பகத்தில் அகப்பட்டது. ‘எம்ட்டி சாக்ஸ்’ நார்வே தேசிய நூலகத்திலும், ‘ஸ்லே பெல்ஸ்’ பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்திலும் கிடைத்தன. ‘நெக் அன்ட் நெக்’ படத்தின் ஒரு துண்டு, ஒருவர் சிறுவயதில் ஒசாகாவில் வாங்கிய பொம்மைப் படச்சுருளாக ஜப்பானில் இருந்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாம் பதிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2017இல் ‘பினோக்கியோ’, ‘பேம்பி’ தட்டுகளில் ஆளுக்கொரு ஆஸ்வால்ட் படத்தை இணைப்பாக ஒட்டியதோடு சரி.

நின்றதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அமெரிக்காவில் டிவிடி விற்பனை 2000களின் நடுவில் உச்சம் தொட்டுச் சரிந்தது. அதோடு, எண்ணிக்கையைக் குறைத்து அரிதாக்கி விற்கும் முறையும் வரிசைக்கே பகையானது என்பது என் கருத்து. முதல் பெட்டிகள் லட்சத்துக்கு மேல் அச்சாயின. கடைசிப் பெட்டிகள் சில பத்தாயிரங்களில் முடிந்தன. படம் பார்க்க விரும்பியவன் பழைய பொருள் சந்தையில் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. புது ரசிகர் சேராத வரிசைக்கு ஆயுள் ஏது?

ஸ்ட்ரீமிங் இந்த இடத்தை நிரப்பும் என்றார்கள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தது. ‘டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்’ அதில் இடம்பெறவில்லை. வார்னர் நிறுவனமோ 2025இல் தன் ‘லூனி ட்யூன்ஸ்’ பழைய குறும்படங்களைத் தன் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. அதற்காகத் தட்டு நிரந்தரம் என்று நினைத்துவிடவும் முடியாது. 2006க்கும் 2008க்கும் இடையில் தயாரான வார்னர் டிவிடிகளில் ஒரு பகுதி தானாகவே கெட்டுப்போவதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. தட்டின் அடுக்குகள் கெட்டால், கீறல் ஒன்றும் இல்லாமலே படம் பாதியில் உறைந்துவிடும்.

சேகரிப்பாளர்களின் பிடிவாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2013இல் ‘டாம் அண்ட் ஜெர்ரி கோல்டன் கலெக்‌ஷன்’ இரண்டாம் பாகத்தில் இரண்டு படங்களை நீக்கப்போவது தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. பாகமே வெளிவராமல் போனது. முழுமை வேண்டும் என்று கேட்டது நியாயம். ஆனால் கிடைத்தது வெறுங்கை.

ஆனாலும் 2023 முதல் ‘லூனி ட்யூன்ஸ் கலெக்டர்ஸ் சாய்ஸ்’ என்ற ப்ளூ-ரே வரிசையை வார்னர் ஆர்க்கைவ் பிரிவு வெளியிடத் தொடங்கியது. பெரும் விற்பனையை நம்பாமல், வேண்டியவர்களுக்கு மட்டும் நன்றாகச் செய்து கொடுக்கும் வழி அது. டிஸ்னியால் முடியாத காரியமா? 2024இல் அது தன் தட்டு வியாபாரத்தை அமெரிக்காவில் சோனியிடம் ஒப்படைத்துவிட்டது. இதற்கிடையே ஆஸ்வால்டின் 1927 படங்களுக்கு 2023 ஜனவரியிலும், 1928 படங்களுக்கு அடுத்த ஆண்டிலும் அமெரிக்கப் பதிப்புரிமை முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் அவற்றைத் தொகுக்கலாம். நல்ல பிரதிகளை வைத்திருப்பவர்கள் பூட்டைத் திறந்து கொடுத்தால், ஒரு சிறு மறுசீரமைப்புக் குழுவே அந்த இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்துவிடும்.