கொச்சியின் பேய்ப் பெட்டியும் மெட்ராஸில் படித்த வக்கீலும்

மலையாளப் பேய்ப் படங்களில் 'எஸ்ரா' (2017) நன்றாக எடுக்கப்பட்ட ஒன்று. நிஜமாகவே மிரட்டும். எனக்குப் பிரச்சினை அந்தப் பெட்டியில்தான்.

கொச்சியில் பழம்பொருள் கடையில் வாங்கிய பெட்டிக்குள் ஒரு யூதனின் ஆவி, 'டிபக்'. டிபக் நம்பிக்கை செழித்தது கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம். அந்தப் பழைய கதைகளில் டிபக் ஆளைத்தான் பிடிக்கும். பெட்டி வந்தது 2003-இல் ஈபேயில் ஒருவர் போட்ட விற்பனை விளம்பரத்திலிருந்து. அது கட்டிவிட்ட கதை என்று 2021-இல் அவரே ஒப்புக்கொண்டார். அதே வருஷம்தான் 'எஸ்ரா'வின் இந்தி ரீமேக்கும் வந்தது. நல்ல டைமிங்!

மட்டாஞ்சேரிக்கு இரவல் பேய் எதற்கு? அங்கே ஏ.பி. சேலம் (1882–1967) இருந்தார். பெயர்தான் சேலம், ஊர் கொச்சி. மெட்ராஸுக்கு வந்து சட்டம் படித்து, கொச்சி யூதர்களில் முதல் வக்கீல் ஆனவர். அவர் குடும்பம் 'மெஷுஹ்ரார்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். 1568-இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தில் (இங்கே பரதேசி என்றால் வெளிநாட்டுக்காரர், நம்மூர் திட்டு இல்லை) அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்கக் கூடாது. வெள்ளை யூதர்கள் இவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டம் படிக்கிறவர்களுக்கு ருசியான விஷயம் ஒன்று. இதே மாதிரி ஒரு கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, ரப்பி டேவிட் பென் ஸிம்ராவிடம் போயிருக்கிறது. முறைப்படி சடங்கு ஸ்நானம் செய்து மதம் மாறிவிட்டால் அவர்களும் முழு யூதர்கள், பெண் கொடுத்து எடுக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். எங்கள் பாஷையில் சொன்னால், பேட்ச் ரெடி, கிட்டத்தட்ட 400 வருஷம் யாரும் டெப்லாய் செய்யவில்லை.

ஆக, சேலத்துக்குத் தேவைப்பட்டது புதுச் சட்டம் இல்லை. அவர் காந்தியின் ஆயுதத்தை எடுத்தார், ஜெபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

'எஸ்ரா'விலும் யூதப் பையன், கிறிஸ்தவப் பெண் காதல் வருகிறது. இரண்டு சமூகங்களுக்கு நடுவே இருக்கும் சுவர் படத்துக்குத் தெரிகிறது, ஒரே சமூகத்துக்குள் இருக்கும் சுவர் தெரியவில்லை. யூதர் என்றாலே மர்மம், எபிரேய எழுத்து, மந்திரம். அவர்களிடமும் நம் சாதி மாதிரி ஒன்று இருந்தது என்று காட்டினால் ரொம்பப் பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிடுவார்கள், பயம் போய்விடும்.

கல்யாணக் கதைதான் வேண்டுமென்றால், சேலத்தின் மகன் கதையே இருக்கிறது. 1950-இல் அவர் ஒரு வெள்ளை யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள, இருவரும் பம்பாய் வரைக்கும் போக வேண்டியிருந்தது.