தட்டிப் பார்க்கும் காந்தம்

எம்ஆர்ஐ எந்திரத்தின் ‘டக் டக்’ எனக்குப் பிடிக்கும். தென்காசியில் ஸ்கேனுக்குப் படுத்தால், “அண்ணாச்சி, அசையாம இருங்க” என்ற குரலுக்குப் பின் அது தொடங்கும். வழக்கமான படம் காண்பது பெரும்பாலும் திசுவில் ஓடித்திரியும் நீரை. நரம்பின் உறையான மயலினில் கொழுப்போடும் புரதத்தோடும் இறுகிக்கிடக்கும் ஹைட்ரஜனின் சைகையோ சுமார் 10 மைக்ரோ நொடியில் மங்கிவிடும், நேரே பிடிபடாது. காந்தமாற்று (magnetization transfer) என்ற எம்ஆர்ஐ அளவீட்டின் நயம் இங்கேதான். நீரை அதிகம் தொடாமல், சற்றே விலகிய அலைவரிசையில் அந்த இறுகியவற்றைத் தட்டுகிறது. தட்டு வாங்கியவை அதைப் பக்கத்து நீருக்குக் கைமாற்ற, நீரின் சைகை தாழ்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழும் விதத்தை வைத்தே உள்ளே பாறை இருக்கும் லட்சணத்தைச் சொல்கிற கெட்டிக்காரத்தனம்! மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மயலின் தேய்ந்தால் அந்தத் தாழ்வும் சுருங்கும். அதைத் துல்லியமாக எண்ணாக்க, அலைவரிசையின் விலகலையும் தட்டின் வலுவையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். நேரம் பிடிக்கும், அதனால்தான் இந்த எண்ணாக்கம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது.