கல்வியும் துவேஷமும்

கல்வி பரவினால் இனத் துவேஷம் தானே ஒழியும் என்று நம்மவருட் பலர் நம்புகின்றனர். 1938-ல் ஜெர்மனியில் வெளியான "நச்சுக் காளான்" என்னும் சிறுவர் நூல் அந்நம்பிக்கையைத் தகர்க்கின்றது.

ஹீமர் என்பான் எழுத, நாஜித் தலைவன் ஸ்ட்ரைக்கரின் பதிப்பகம் வெளியிட்டது இது. தாயும் மகனும் காட்டிற் காளான் பறிக்கின்றனர். நல்லதையும் நச்சுடையதையும் பகுத்துக் காட்டும் தாய், மனிதருள் நச்சுக் காளான் யூதரே என்று முடிக்கின்றாள். மற்றொரு கதையில், யூதர் மூக்கு 6 என்னும் இலக்கம் போன்றதெனக் கரும்பலகையிற் பாடம் நடக்கின்றது. நடை எளிது, தாயன்பும் ஆசிரியர் சொல்லும் அதற்குத் துணை நிற்கின்றன. பிள்ளைகள் வினவுகின்றனர், விடையோ முன்னரே முடிவானது. ஆராய்ச்சியின் வேடத்தில் வெறுப்பைப் புகட்டுவதே இந்நூலின் பெருங்குற்றம்.

பட்டமும் இந்நோய்க்கு மருந்தன்று. யூதரை அழிக்கும் ஏற்பாட்டை ஒழுங்கு செய்ய 1942-ல் பெர்லின் நகரின் வான்சேயில் கூடிய 15 பேரில் எண்மர் டாக்டர் பட்டம் பெற்றோர்.

பாடம் மாறினால் பகையும் தணியும். மும்முறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 2006-ல் ஒரே சரித்திரப் பாடநூலை இரு மொழிகளிலும் வெளியிட்டன. இரு நாட்டாரின் கருத்து வேறுபாடும் அதில் மாணவர் ஆராயுமாறு வைக்கப்பட்டுள்ளது.

பெற்றோரே! பிள்ளை எத்தனை வகுப்புப் படித்தான் என்பதோடு நில்லாது, பிறரைப் பற்றி என்ன படித்தான் என்றும் கேளுங்கள்.