தபசு மரம் ஏறிய ஃபைட்டர்

நாகலாபுரத்தில் மாமா வீட்டுத் திண்ணையில்தான் எங்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம். ஞாயிறு மத்தியானம் பகடையை எடுத்தால் விளக்கு வைக்கிற வரை ஓடும். இரண்டு வருஷம் ஆடி, நான் ஆடுகிற வாள்வீரன், அதாவது என் ஃபைட்டர், ஒருவழியாக இருபதாம் லெவலைத் தொட்டான். அதற்கு மேல் லெவலே கிடையாது. அன்றைக்கென்று குறுக்கே ஒரு பள்ளம், இருபத்தைந்து அடி அகலம்.

2014 விதிப்புத்தகத்தைப் புரட்டினோம். பலம் இருபது உள்ளவன் ஓடிவந்து தாண்டினால் 20 அடி. அவ்வளவுதான்! 1991-இல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டினார், அதாவது 29 அடிக்கு மேல். டிராகனையே வெட்டிச் சாய்க்கிறவன் அவருக்கு ஒன்பது அடி பின்னால் மண்ணைக் கவ்வுகிறான். பக்கத்தில் மந்திரவாதியான விசர்டோ பதினேழாம் லெவலிலேயே விண்கற்களை இறக்குகிறான். அதற்கு ஆறுமுகப் பகடை நாற்பது உருள வேண்டும். என் ஆளுக்கு நாலு வெட்டு.

"கத்தி பிடிச்சவன் மனுஷன்தானே மச்சான்" என்றான் ஆட்டம் நடத்துகிற மாமா மகன்.

மனுஷனா? அந்தக் கோடையிலேயே அவனைப் பக்கத்து ஊர்ப் பாரதத் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் சித்தூர்ப் பக்கம் திரௌபதியம்மன், தர்மராஜா கோயில்களில் பகலில் கதை, இராத்திரி கூத்து. அடடா, அந்த அர்ஜுனன் தபசு! பனை உயரக் கம்பம். படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார் கூத்துக்காரர். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வந்து விழ, பிள்ளைவரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்கிறார்கள். மேலே நிற்கிறவன் சிவனிடம் பாசுபதம் வாங்கப் போகிறவன். அவனிடம் போய் இருபது அடிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

அதைவிடப் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் நிறையப் படுத்திருக்கிறான். பீமன் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கிறான், ஒன்றும் பலிக்கவில்லை. தொடை ஒன்றுதான் வழி. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டியதும் கூட்டம் போட்ட கூச்சலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மச்சான் என் கையைக் கிள்ளிவிட்டான்.

பாரதம் எந்த வீரனுடைய பலத்திலும் கை வைப்பதில்லை. சபதத்தையும் சாபத்தையும்தான் அவன் தலையில் கட்டுகிறது. நினைத்தபோதுதான் சாகிற பீஷ்மர், சிகண்டி எதிரே வந்தால் வில்லை இறக்கிவிடுவார். கர்ணனுக்கு அவசரத்தில் மந்திரம் மறக்கும், தேர்க்கால் புதையும். (பீமனால் அனுமார் வாலை அசைக்க முடியாதது வேறு கதை. அது சகோதரர்களுக்குள் நடந்தது.)

மறுவாரமே விதியை மாற்றினோம். என் ஃபைட்டர் ஆற்றையே தாண்டலாம், மலையைப் பெயர்க்கலாம். பதிலுக்கு ஒரு சபதம்: புறமுதுகு காட்டியவனைத் தொடமாட்டான். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் வேதநாராயணர் மீனாக வந்து சோமகாசுரனிடமிருந்து வேதங்களை மீட்டவர். மச்சான் அந்த அசுரனையே ஆட்டத்தில் இறக்கினான். நான் ஒரே தாவில் கோட்டை மதிலைத் தாண்டி அவன் முன்னால் போய்க் குதித்தேன். அவன் சாவகாசமாகத் திரும்பி முதுகைக் காட்டி, சுவடிக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வழியாக நடந்தே போய்விட்டான். விசர்டாக ஆடியவன் திண்ணையில் உருண்டு உருண்டு சிரித்தான். ஐயோ, அப்படி ஒரு ஆட்டம் ஆடினதே இல்லை!